லண்டனில் ஃபிளாட் வாங்கியாச்சு... ஆனா 'லீஸ்' முடிஞ்சா என்ன ஆகும்? 80 ஆண்டுக் கோட்டைத் தாண்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சொந்த வீடு என்று நம்பித்தான் வாங்குகிறார்கள். 20, 25 வருஷம் மார்ட்கேஜ் கட்டுகிறார்கள். ஒரு நாள் விற்கலாம் என்று ஏஜென்ட்டைக் கூப்பிட்டால், அவர் கேட்கும் முதல் கேள்வி: "லீஸ் இன்னும் எத்தனை வருஷம் பாக்கி இருக்கு?"

இங்கிலாந்து, வேல்ஸில் ஃபிளாட் வைத்திருப்பவர்களில் பலருக்கு இந்தக் கேள்விக்கு உடனே பதில் தெரியாது. அந்த எண் 81 ஆக இருப்பதற்கும் 79 ஆக இருப்பதற்கும் நடுவே பல ஆயிரம் பவுண்டு வித்தியாசம் இருக்கிறது. ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பகுதிகளில் குடியிருக்கும் தமிழர்களுக்கும், சென்னையில் இருந்துகொண்டே லண்டனில் ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

லீஸ் நீட்டிப்பு என்றால் என்ன? எப்போது செய்ய வேண்டும்? எவ்வளவு செலவாகும்? புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கலாமா? விரிவாகப் பார்க்கலாம்.

முக்கிய அம்சங்கள்

• ஃபிளாட்டின் லீஸை நீட்டிக்கும் உரிமையை 1993-ம் ஆண்டுச் சட்டம் தருகிறது. பாக்கி இருக்கும் காலத்தோடு 90 ஆண்டுகள் சேரும். நில வாடகை பூஜ்ஜியம் ஆகிவிடும்.

• பாக்கி 80 ஆண்டோ அதற்குக் கீழோ போனால், நில உரிமையாளருக்குக் கூடுதல் தொகை கொடுக்க வேண்டும்.

• வாங்கி 2 ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2025 ஜனவரி 31 முதல் இல்லை.

• நோட்டீஸ் கொடுத்த பிறகு கெடுவைத் தவறவிட்டால் 12 மாதம் காத்திருக்க வேண்டும்.

நம்ம ஊர் லீஸ் வேறு, அந்த ஊர் லீஸ் வேறு

சென்னையில் 'லீசுக்கு வீடு' என்றால், சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்து இரண்டு, மூன்று வருஷம் வாடகை இல்லாமல் குடியிருந்துவிட்டு, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. ஒத்தி என்றும் சொல்வார்கள். இங்கிலாந்தின் லீஸ்ஹோல்ட் அது இல்லை.

அங்கே ஃபிளாட் வாங்குபவர் முழு விலையும் கொடுக்கிறார். ஆனால் அவர் வாங்குவது, அந்த ஃபிளாட்டை 99 அல்லது 125 அல்லது 999 ஆண்டுகளுக்கு வைத்திருக்கும் உரிமையை மட்டும்தான். நிலமும் கட்டடமும் 'ஃப்ரீஹோல்டர்' என்ற வேறொருவருக்குச் சொந்தம். அவர் தனிநபராக இருக்கலாம், நிறுவனமாக இருக்கலாம், உள்ளாட்சி மன்றமாகவும் இருக்கலாம்.

சென்னையில் ஃபிளாட் வாங்கினால் பத்திரத்தில் 'யுடிஎஸ்' என்று நிலத்தில் பிரிபடாத பங்கு எழுதிக் கொடுக்கிறார்கள். கட்டடம் இடிந்தாலும் நிலத்தில் பங்கு உண்டு. இங்கிலாந்தின் சாதாரண லீஸ்ஹோல்ட் ஃபிளாட்டில் அப்படி எந்தப் பங்கும் கிடையாது. லீஸ் முடியும் நாளில் ஃபிளாட் நில உரிமையாளரிடம் திரும்பிப் போய்விடும். அதுவரை வருஷா வருஷம் அவருக்கு நில வாடகையும் கட்ட வேண்டியிருக்கும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 50 லட்சம் வீடுகள் இந்த முறையில்தான் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஃபிளாட்கள். ஸ்காட்லாந்தின் சட்டம் வேறு. அங்கே ஃபிளாட் வாங்கினால் நேரடிச் சொந்தம்தான்.

லீஸ் குறையக் குறைய என்ன நடக்கும்?

லீஸ் என்பது உருகும் ஐஸ்கட்டி மாதிரி. 120 ஆண்டு பாக்கி இருக்கும்போது ஒன்றும் தெரியாது. 90-க்குக் கீழே வரும்போது வாங்க வருபவர்கள் யோசிக்க ஆரம்பிப்பார்கள். 80-க்குக் கீழே போனால் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். 70-க்குக் கீழே போனால் பல வங்கிகள் வீட்டுக்கடன் தரவே தயங்கும். இந்த வரம்பு வங்கிக்கு வங்கி மாறும்.

கடன் கிடைக்காத ஃபிளாட்டை ரொக்கமாகப் பணம் வைத்திருப்பவர்தான் வாங்க முடியும். அவர் சந்தை விலைக்கு வாங்க மாட்டார். ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கும் சிக்கல்தான். வட்டி குறைவாக இருக்கிறதே என்று வேறு வங்கிக்குக் கடனை மாற்றப் போனால், லீஸ் காலத்தைக் காட்டி மறுத்துவிடுவார்கள்.

லீஸ் முழுசாக முடிந்தால் மறுநாளே வெளியே அனுப்பிவிடுவார்களா? இல்லை. அந்த வீட்டில்தான் குடியிருக்கிறார் என்றால், பெரும்பாலும் சந்தை வாடகை கொடுத்து வாடகைதாரராகத் தொடர 1989-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி செய்கிறது. ஆனால் பல லட்சம் பவுண்டு மதிப்புள்ள சொத்து அன்றோடு கையை விட்டுப் போயிருக்கும். பிள்ளைகளுக்கு விட்டுச் செல்ல எதுவும் மிஞ்சாது.

அது என்ன 80 ஆண்டுக் கோடு?

இதுதான் இந்த விஷயத்தின் மையம். லீஸை நீட்டிக்க நில உரிமையாளருக்குக் கொடுக்கும் தொகைக்கு 'பிரீமியம்' என்று பெயர். அதை மூன்று பகுதிகளாகக் கணக்கிடுகிறார்கள்.

1. நில வாடகை இழப்பு: மீதிக் காலம் முழுக்க வர வேண்டிய நில வாடகை இனி வராது. அதன் இன்றைய மதிப்பை ஈடாகக் கொடுக்க வேண்டும்.

2. திரும்பி வரும் உரிமை: லீஸ் முடியும்போது நில உரிமையாளருக்கு ஃபிளாட் கிடைத்திருக்கும். இப்போது அவர் இன்னும் 90 ஆண்டு காத்திருக்க வேண்டும். அதற்கான ஈடு. ஃபிளாட்டுகளுக்கு இதை ஆண்டுக்கு 5 சதவீதம் என்ற விகிதத்தில் கழித்துக் கணக்கிடுவது வழக்கம். 'ஸ்போர்டெல்லி' என்ற வழக்கில் உறுதியான விகிதம் இது.

3. மேரேஜ் வேல்யூ: பெயரைப் பார்த்துக் கல்யாணச் செலவு என்று நினைக்க வேண்டாம். குறைந்த காலம் உள்ள லீஸும் நில உரிமையும் 'ஒன்று சேரும்போது' ஃபிளாட்டின் மதிப்பு எவ்வளவு கூடுகிறதோ, அந்த லாபம்தான் இது. அதில் சரிபாதி நில உரிமையாளருக்குப் போகும்.

இந்த மூன்றாவது பகுதி எல்லோருக்கும் கிடையாது. நோட்டீஸ் கொடுக்கும் நாளில் 80 ஆண்டுக்கு மேல் பாக்கி இருந்தால் மேரேஜ் வேல்யூ பூஜ்ஜியம். 80-ஐ எட்டிவிட்டாலோ அதற்குக் கீழே போய்விட்டாலோ கட்டியே ஆக வேண்டும்.

99 ஆண்டு லீஸ் என்றால், தொடங்கிய 19 ஆண்டுகளில் இந்தக் கோடு வந்துவிடும். 125 ஆண்டு லீஸ் என்றால் 45 ஆண்டுகளில் வரும். '99 வருஷம்தானே, நம்ம காலத்துக்குப் போதும்' என்று வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

நீண்ட லீஸ் இருந்தால் 3,00,000 பவுண்டுக்கு விற்கக்கூடிய ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். நில வாடகை ஆண்டுக்கு 100 பவுண்டு. அதற்கு 6 சதவீதம், திரும்பி வரும் உரிமைக்கு 5 சதவீதம் என்ற விகிதத்தில் கணக்கிட்டால் தோராயமாக இப்படி வரும்.

81 ஆண்டு பாக்கி இருந்தால்:
• நில வாடகை இழப்பு: சுமார் 1,650 பவுண்டு
• திரும்பி வரும் உரிமை: சுமார் 5,750 பவுண்டு
• மேரேஜ் வேல்யூ: 0
• மொத்தம்: சுமார் 7,400 பவுண்டு

78 ஆண்டு பாக்கி இருந்தால் (இப்போதைய லீஸோடு ஃபிளாட்டின் மதிப்பு 2,76,000 பவுண்டு என்று சர்வேயர் சொல்வதாகக் கொண்டால்):
• நில வாடகை இழப்பு: சுமார் 1,650 பவுண்டு
• திரும்பி வரும் உரிமை: சுமார் 6,700 பவுண்டு
• மேரேஜ் வேல்யூவில் பாதி: சுமார் 7,850 பவுண்டு
• மொத்தம்: சுமார் 16,200 பவுண்டு

65 ஆண்டு பாக்கி இருந்தால் (இப்போதைய மதிப்பு 2,49,000 பவுண்டு என்று கொண்டால்):
• நில வாடகை இழப்பு: சுமார் 1,600 பவுண்டு
• திரும்பி வரும் உரிமை: சுமார் 12,600 பவுண்டு
• மேரேஜ் வேல்யூவில் பாதி: சுமார் 18,400 பவுண்டு
• மொத்தம்: சுமார் 32,600 பவுண்டு

மூன்றே வருஷத் தாமதத்தில் தொகை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. இது புரிந்துகொள்வதற்கான எளிய கணக்கு மட்டுமே. நில வாடகை அதிகமாக இருந்தாலோ, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உயரும் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலோ முதல் பகுதியே பெரிய தொகையாகிவிடும். ஆண்டுக்கு 250 பவுண்டு, 10 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பு என்று எழுதியிருந்தால், 50 ஆண்டில் அது ஆண்டுக்கு 8,000 பவுண்டு ஆகும்.

'ஒரு மிளகு' வாடகை

சட்டப்படி லீஸை நீட்டித்தால் நில வாடகை 'பெப்பர்கார்ன்' ஆகிவிடும் என்று ஆவணத்தில் எழுதுவார்கள். பெப்பர்கார்ன் என்றால் ஒரே ஒரு மிளகு. ஆங்கிலேயச் சட்டத்தில் ஒப்பந்தம் செல்ல வேண்டுமானால் ஏதாவது ஒரு பொருள் கைமாற வேண்டும் என்பது பழைய மரபு. அதற்காகப் பெயருக்கு ஒரு மிளகு. யாரும் வந்து மிளகு கேட்பதில்லை. நில வாடகை இல்லை என்பதுதான் அதன் நடைமுறை அர்த்தம்.

பராமரிப்புச் செலவுக்கான சர்வீஸ் சார்ஜ் இதில் சேராது. லிஃப்ட், கூரை, பொது விளக்கு, காப்பீடு ஆகியவற்றுக்கான பணத்தை நீட்டித்த பிறகும் கட்ட வேண்டும்.

யாருக்கு இந்த உரிமை உண்டு?

தொடக்கத்தில் 21 ஆண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு எழுதப்பட்ட லீஸாக இருந்தால் போதும். இன்று எத்தனை ஆண்டு பாக்கி இருக்கிறது என்பது தடையில்லை.

அந்த ஃபிளாட்டில் குடியிருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அந்த நிபந்தனையை 2002-ம் ஆண்டுச் சட்டமே எடுத்துவிட்டது. வாடகைக்கு விட்டுவிட்டு சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவரும் கேட்கலாம். 2014-ல் வந்த திருத்தத்தால், நோட்டீஸில் உரிமையாளரே கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் இல்லை. அவர் சார்பில் சொலிசிட்டர் போடலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலப் பதிவேட்டில் பழைய முகவரி இருந்தால் முக்கியமான கடிதங்கள் அங்கேதான் போகும். முதலில் முகவரியை மாற்றிப் பதிவு செய்துகொள்வது நல்லது.

விலக்குகளும் உண்டு. வணிக குத்தகை, சில அறக்கட்டளை வீடுகள், நேஷனல் டிரஸ்ட் சொத்துகள் ஆகியவற்றுக்கு இந்தச் சட்ட உரிமை கிடையாது. பாதி வாங்கி பாதிக்கு வாடகை கட்டும் 'ஷேர்டு ஓனர்ஷிப்' வீடுகளுக்கு விதிகள் சிக்கலானவை. தனியாக ஆலோசனை கேட்பது அவசியம்.

நடைமுறை என்ன? படிப்படியாக...

படி 1: லீஸைக் கையில் எடுங்கள். இங்கிலாந்து, வேல்ஸின் நிலப் பதிவுத் துறை இணையதளத்தில் சில பவுண்டு கட்டணத்தில் பதிவு நகலை வாங்கலாம். எந்தத் தேதியில் இருந்து எத்தனை ஆண்டு என்று அதில் இருக்கும். வாங்கிய தேதியில் இருந்து கணக்குப் போடக் கூடாது. லீஸ் தொடங்கிய தேதிதான் கணக்கு.

படி 2: சர்வேயரை வைத்து மதிப்பீடு செய்யுங்கள். லீஸ் நீட்டிப்பில் அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். அவர் ஒரே எண்ணைச் சொல்ல மாட்டார். 'இதிலிருந்து இதுவரை ஆகலாம்' என்று ஒரு வரம்பைச் சொல்வார்.

படி 3: பணத்தைத் தயார் செய்யுங்கள். பிரீமியம் மட்டும் போதாது. சொந்த சொலிசிட்டர், சர்வேயர் கட்டணத்தோடு, நில உரிமையாளரின் நியாயமான மதிப்பீட்டுச் செலவையும் சட்டச் செலவையும் நீட்டிப்புக் கேட்பவர்தான் கொடுக்க வேண்டும். இதெல்லாம் சேர்ந்து சில ஆயிரம் பவுண்டு ஆகும்.

படி 4: 42-வது பிரிவு நோட்டீஸ். 1993-ம் ஆண்டுச் சட்டத்தின் 42-வது பிரிவின் கீழ் நில உரிமையாளருக்கு முறையான நோட்டீஸ் போக வேண்டும். எவ்வளவு கொடுக்கத் தயார் என்ற தொகை அதில் இருக்க வேண்டும். 'முதலில் ஒரு பவுண்டு என்று போட்டு வைப்போம்' என்பது நடக்காது. உண்மைக்குப் பொருந்தாத தொகையைப் போட்டால் நோட்டீஸே செல்லாமல் போகலாம். குறைவாகக் கேட்கலாம், ஆனால் சர்வேயரின் கணக்கில் நிற்கும் தொகையாக இருக்க வேண்டும்.

மதிப்பீட்டுத் தேதி என்பது இந்த நோட்டீஸ் கொடுத்த நாள்தான். 80 ஆண்டுக்கு மேல் இருக்கும்போது நோட்டீஸ் போய்விட்டால், பேச்சுவார்த்தை எவ்வளவு இழுத்தாலும் மேரேஜ் வேல்யூ வராது.

நோட்டீஸ் கொடுத்ததும் அதை நிலப் பதிவேட்டில் குறித்து வைப்பது வழக்கம். நடுவில் நிலம் வேறொருவருக்கு விற்கப்பட்டாலும் அவரையும் அது கட்டுப்படுத்தும்.

படி 5: டெபாசிட், ஆய்வு. நோட்டீஸில் சொன்ன தொகையில் 10 சதவீதம் அல்லது 250 பவுண்டு, எது அதிகமோ அதை நில உரிமையாளர் டெபாசிட்டாகக் கேட்கலாம். ஃபிளாட்டைப் பார்த்து மதிப்பிட அவருடைய சர்வேயரும் வருவார்.

படி 6: பதில் நோட்டீஸ். நோட்டீஸில் குறிப்பிடும் தேதிக்குள் நில உரிமையாளர் பதில் தர வேண்டும். அந்த அவகாசம் குறைந்தது 2 மாதம். உரிமையை ஏற்கிறாரா, அவர் கேட்கும் தொகை என்ன என்பது அதில் இருக்கும். அவர் கேட்பது பெரும்பாலும் கணிசமாக அதிகமாகத்தான் இருக்கும். பதறத் தேவையில்லை, பேரம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பதிலே தரவில்லை என்றால் 6 மாதத்துக்குள் கவுன்டி நீதிமன்றத்துக்குப் போகலாம். அப்போது நோட்டீஸில் கேட்ட நிபந்தனைகளின்படியே புதிய லீஸ் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் நில உரிமையாளர்கள் இந்தக் கெடுவைத் தவறவிடுவதில்லை.

படி 7: பேச்சுவார்த்தை, தீர்ப்பாயம். இரு தரப்பு சர்வேயர்களும் பேசி ஒரு தொகைக்கு வருவதுதான் பெரும்பாலும் நடப்பது. ஒத்துவரவில்லை என்றால், பதில் நோட்டீஸ் வந்து 2 மாதத்துக்குப் பிறகு, 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இங்கிலாந்தில் இது முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் சொத்துப் பிரிவு. வேல்ஸில் லீஸ்ஹோல்ட் மதிப்பீட்டுத் தீர்ப்பாயம்.

படி 8: பத்திரம், பதிவு. தொகை முடிவானதும் புதிய லீஸ் எழுதி, பணம் கட்டி, பதிவு செய்ய வேண்டும். மார்ட்கேஜ் இருந்தால் வங்கிக்கும் தகவல் போக வேண்டும். இந்தக் கட்டத்துக்கும் கெடு உண்டு. தொகை முடிவாகி 2 மாதத்தில் லீஸ் கையெழுத்தாகவில்லை என்றால், அடுத்த 2 மாதத்துக்குள் நீதிமன்றத்தை நாட வேண்டும்.

பலர் கோட்டை விடும் இடம்

'பேசிக்கிட்டுத்தானே இருக்கோம், எதுக்கு தீர்ப்பாயம்?' என்று விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. 6 மாதக் கெடுவுக்குள் உடன்பாடும் இல்லை, விண்ணப்பமும் இல்லை என்றால், நோட்டீஸ் வாபஸ் பெறப்பட்டதாகச் சட்டம் கருதிவிடும்.

அதன் விளைவு மூன்று விதமாக வரும். அதுவரை நில உரிமையாளருக்கு ஆன நியாயமான செலவைக் கொடுக்க வேண்டும். அடுத்த நோட்டீஸ் கொடுக்க 12 மாதம் காத்திருக்க வேண்டும். அந்த 12 மாதத்தில் லீஸ் ஒரு வருஷம் குறைந்திருக்கும். 80 ஆண்டு 6 மாதம் பாக்கி என்று நோட்டீஸ் கொடுத்தவர், அடுத்த முறை 80-க்குக் கீழே நிற்பார். மேரேஜ் வேல்யூ தலையில் விழும்.

பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தாலும், கெடு முடியும் முன் தீர்ப்பாயத்தில் விண்ணப்பம் போட்டு வைப்பதுதான் பாதுகாப்பு. விண்ணப்பித்த பிறகும் பேசி முடித்துக்கொள்ளலாம்.

'நோட்டீஸ் எல்லாம் எதுக்கு? நேரா பேசிக்கலாம்' என்றால்?

நில உரிமையாளரே கடிதம் போட்டு ஒரு தொகை சொல்வதும் நடக்கும். முறைசாரா வழியில் வேலை சீக்கிரம் முடியலாம், சட்டச் செலவும் குறையலாம். ஆனால் கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன.

• எத்தனை ஆண்டு? 78 ஆண்டு பாக்கி இருக்கும்போது '125 ஆண்டாக்கித் தருகிறோம்' என்றால், உண்மையில் சேர்வது 47 ஆண்டுதான். சட்டப்படி போனால் 78-உம் 90-உம் சேர்ந்து 168 ஆண்டு.

• நில வாடகை? 2022 ஜூன் 30-ல் நடைமுறைக்கு வந்த நில வாடகைச் சட்டத்தால், நீட்டிக்கும் கூடுதல் காலத்துக்கு நில வாடகை வாங்க முடியாது. ஆனால் பழைய லீஸின் மீதிக் காலத்துக்கு ஏற்கெனவே உள்ள வாடகை தொடரலாம். சட்ட வழியில் அதுவும் உடனே நின்றுவிடும்.

• கெடு? முறைசாரா பேச்சில் யாரையும் எந்தக் கெடுவும் கட்டுப்படுத்தாது. பேசிக்கொண்டே இருக்கும்போது 80 ஆண்டுக் கோடு கடந்துவிட்டால், 'இனி தொகை வேறு' என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு.

கோடு நெருங்கும் நேரத்தில் முறைசாரா பேச்சை மட்டும் நம்பி இருப்பது ஆபத்து.

நில உரிமையாளர் யார் என்றே தெரியவில்லையா?

பழைய கட்டடங்களில் இப்படி நடப்பதுண்டு. நில வாடகை கேட்டு வருஷக்கணக்கில் கடிதமே வராது. தேடியும் ஆள் கிடைக்கவில்லை என்றால் கவுன்டி நீதிமன்றத்தில் மனு கொடுக்கலாம். தொகையைத் தீர்ப்பாயம் நிர்ணயிக்கும். அதை நீதிமன்றத்தில் கட்டினால், நில உரிமையாளரின் இடத்தில் நீதிமன்றமே புதிய லீஸை எழுதித் தர வழி செய்யும்.

புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். 2024 மே 24-ல் லீஸ்ஹோல்ட், ஃப்ரீஹோல்ட் சீர்திருத்தச் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. அதில் உள்ள முக்கிய மாற்றங்கள்:

• 90 ஆண்டுக்குப் பதில் 990 ஆண்டு நீட்டிப்பு
• மேரேஜ் வேல்யூ ரத்து. அதோடு 80 ஆண்டுக் கோடும் போய்விடும்
• கணக்கில் எடுக்கும் நில வாடகைக்கு உச்சவரம்பு: சொத்து மதிப்பில் 0.1 சதவீதம்
• பொதுவாக அவரவர் செலவை அவரவரே பார்த்துக்கொள்வது

ஆனால் சட்டம் நிறைவேறியதும் எல்லாமே உடனே அமலுக்கு வந்துவிடவில்லை. 2 ஆண்டு காத்திருப்பு நிபந்தனை 2025 ஜனவரி 31-ல் நீங்கியது. மேரேஜ் வேல்யூ ரத்து போன்ற பகுதிகளுக்கு, கணக்கிடும் விகிதங்களை அமைச்சர் தனியாக அறிவிக்க வேண்டும். அதுவரை பழைய கணக்குதான்.

நில உரிமையாளர்கள் தரப்பு சும்மா இருக்கவில்லை. சொத்துரிமை பறிக்கப்படுகிறது என்று நீதிமன்றம் போனார்கள். 2025 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. இந்தப் போராட்டத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. லீஸ்ஹோல்ட் வீடுகளில் இருப்பவர்கள் நிலத்தை வாங்கிக்கொள்ள உரிமை தந்த 1967-ம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து, லண்டனின் பெரும் நிலக்கிழாரான வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் குடும்பத்தின் அறக்கட்டளை நிர்வாகிகள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 1986-ல் தோற்றார்கள். 1993-ல் ஃபிளாட் சட்டம் வந்தபோது அப்போதைய கோமகன் எதிர்ப்புத் தெரிவித்து கன்சர்வேட்டிவ் கட்சியில் இருந்தே விலகினார்.

சரி, காத்திருக்கலாமா, வேண்டாமா? அது அவரவர் நிலையைப் பொறுத்தது.

பாக்கி 90 ஆண்டுக்கு மேல்: அவசரம் இல்லை. கவனித்துக்கொண்டிருந்தால் போதும்.

பாக்கி 80-க்கும் 85-க்கும் நடுவே: இங்கேதான் கவனம் தேவை. புதிய விதி வரும் முன் 80-ஐத் தாண்டிவிட்டால், அது வரும்வரை விற்கவும் முடியாமல் நீட்டிக்கவும் முடியாமல் சிக்கிக்கொள்ள நேரலாம். 80-ஐத் தாண்டும் முன் நோட்டீஸ் கொடுத்துவிடுவது, கையில் இருக்கும் உறுதியான சேமிப்பு.

பாக்கி 80-க்குக் கீழ்: மேரேஜ் வேல்யூ ரத்தானால் பெரிய தொகை மிச்சமாகும். உடனே விற்கவோ கடனை மாற்றவோ தேவை இல்லாதவர்கள் காத்திருக்க நினைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் காத்திருக்கும் ஒவ்வொரு வருஷமும் இப்போதைய விதிப்படி தொகை ஏறும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

விற்பனை, கடன் மாற்றம், சொத்துப் பிரிவினை என்று அவசரம் இருப்பவர்கள்: காத்திருக்க வழியில்லை. நோட்டீஸ் கொடுத்துவிட்டு, அதன் பலனை வாங்குபவருக்கு எழுதிக் கொடுத்து ஃபிளாட்டை விற்கும் வழியும் இருக்கிறது.

இன்னொரு வழி: நிலத்தையே வாங்குவது

கட்டடத்தில் இருப்பவர்கள் ஒன்று சேர்ந்து நில உரிமையையே வாங்கிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. குறைந்தது பாதி ஃபிளாட்டுகளின் உரிமையாளர்கள் சேர வேண்டும். இரண்டே ஃபிளாட் உள்ள கட்டடம் என்றால் இருவரும் சேர வேண்டும். வாங்கிய பிறகு தங்களுக்குத் தாங்களே 999 ஆண்டு லீஸ் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அக்கம்பக்கத்தாரை ஒன்றுசேர்ப்பது எளிதில்லை. அதன்பின் கட்டடப் பராமரிப்புப் பொறுப்பும் அவர்கள் தலையில்தான்.

வாங்கப் போகிறவர்கள் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. லீஸ் எந்தத் தேதியில் தொடங்கியது? இன்று எத்தனை ஆண்டு, எத்தனை மாதம் பாக்கி?
2. நில வாடகை எவ்வளவு? எப்போது, எப்படி உயரும்?
3. விற்பவர் ஏற்கெனவே 42-வது பிரிவு நோட்டீஸ் கொடுத்திருக்கிறாரா? கொடுத்திருந்தால் கெடு எப்போது முடிகிறது?
4. நீட்டிப்புச் செலவை விலையில் கழித்துத் தருவாரா?

குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று ஒரு ஃபிளாட்டைப் பார்த்தால், முதலில் பார்க்க வேண்டியது லீஸைத்தான். பக்கத்து ஃபிளாட்டை விட 25,000 பவுண்டு குறைவு என்றால், அந்தக் குறைவுக்கான காரணம் அங்கேதான் இருக்கும்.

உதவி எங்கே கிடைக்கும்?

'லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸ்' என்ற அரசு நிதியில் இயங்கும் அமைப்பு, இங்கிலாந்து, வேல்ஸில் லீஸ்ஹோல்ட் பற்றி இலவச ஆலோசனை தருகிறது. தோராயமான தொகையைப் பார்த்துக்கொள்ளும் கணிப்பானும் அதன் இணையதளத்தில் உண்டு. அது ஒரு மதிப்பீடு மட்டுமே. நோட்டீஸில் போடும் தொகையைச் சர்வேயரிடமும், நோட்டீஸ் வாசகத்தைச் சொலிசிட்டரிடமும் விட்டுவிடுவதுதான் சரி.

லண்டனில் ஃபிளாட் வைத்திருப்பவர்கள் இன்றே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. பத்திரத்தை எடுத்து லீஸ் தொடங்கிய தேதியைப் பார்ப்பது. எத்தனை ஆண்டு பாக்கி என்று எழுதிவைத்து, 80-ஐத் தொடும் தேதியை மொபைல் காலண்டரில் குறித்துக்கொள்வது. அந்தத் தேதிக்கு ஒரு வருஷம் முன்பே வேலையை ஆரம்பித்தால், கெடுவும் தவறாது, பல ஆயிரம் பவுண்டும் மிச்சமாகும்.